வாசல் பார்த்த திசை

மங்களா அன்ரி இறந்த செய்தி வந்தபோது நான் சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு ஏணியின் அடியில் நின்றேன். அப்பா கூரையில் சோலார் பனல் பூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசி அடித்தது. வேலையின் நடுவில் இறங்குகிற ஆள் இல்லை அவர். தண்ணீர்ப் போத்தலைக்கூட மேலேதான் கொண்டுபோவார். அன்று இறங்கினார். கடைசிப் படியில் நின்றபடியே கையுறையைக் கழற்றினார்.

“பிள்ளை, மங்களா அன்ரி மோசம் போயிட்டா. காலமைதானாம். அவவின்ர தம்பி நேசன் அண்ணைதான் போன் எடுத்தவர்.”

மிச்சமிருந்த நான்கு பனல்களையும் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தால் அன்ரி ஏசியிருப்பார்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் டொக்டர் மங்களேஸ்வரி. அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை செய்தவர்களும் மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் அவருடைய மாணவி இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவருடைய வீட்டுக் கூரையைப் படம் கீறப் போய், பிறகு அவருடைய புத்தகத்துக்கும் படம் கீறினேன். அவருடைய எழுத்தில் ஒரு பெரிய பிழையைக் கண்டதும் நான்தான். அதை இந்த மலரில் சொல்லலாமா கூடாதா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அதையும் எழுதுகிறேன்.

அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது திரேசியர் என்ற பழைய மக்களை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இன்றைய பல்கேரியாவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். குதிரை வளர்த்தவர்கள், பொன்னில் நுட்பமான வேலை தெரிந்தவர்கள். இறந்த பெரியவர்களைக் கல்லறையில் வைத்து, அதன்மேல் மண்ணைக் குவித்து மேடாக்குவார்கள். தங்களைப் பற்றி அவர்கள் தாங்களே எழுதிவைத்தது அநேகமாக ஒன்றும் இல்லை. “அவையளைப் பற்றி எழுதினதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்” என்பார் அன்ரி. “பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பற்றி என்ன சொல்லுவினம் எண்டு தெரியும்தானே. அதுதான் நான் நேர போய்க் கிண்டிப் பாக்கிறன்.”

ஒவ்வொரு ஆண்டும் இங்கே குளிர் தொடங்கும்போது அங்கே கோடைக்குப் போவார். நம்மவர்களின் விழாக்களில் யாராவது ஒரு அங்கிள் அவரைப் பிடித்து, எங்கட மண்ணை விட்டிட்டு அங்க என்ன கிண்டுறியள் என்று கேட்காமல் விடமாட்டார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். அன்ரி வடையைக் கடித்தபடி சொன்னார்: “எங்கட மண்ணைப் பற்றிக் கதைக்க இந்த மண்டபத்திலயே நூறு பேர் இருக்கிறியள். அவையளைப் பற்றித் தமிழில கதைக்க நான் ஒராள்தான். என்னை விடுங்கோவன்.”

செவன் ஹில்ஸில் இருந்த அவருடைய வீட்டுக்கு நானும் அப்பாவும் பனல் பூட்டப் போனது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கூரையையும் நான் படமாகக் கீறுவேன். புகைபோக்கி, அன்ரெனா, பக்கத்து மரம் ஆகியவற்றின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று அதில் குறிக்க வேண்டும். நிழல் விழும் இடத்தில் பனல் வைத்துப் பயனில்லை. அப்பா அந்தப் படத்தை அன்ரியின் சமையலறை மேசையில் விரித்துக் காட்டினார். பனல் எத்தனை, எங்கே என்றெல்லாம் அன்ரி கேட்கவில்லை.

“இந்த நிழலெல்லாம் ஆர் கீறினது?”

“மகள்.”

அன்ரி என்னைப் பார்த்தார். நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன். “பள்ளிக்கூடம் இல்லையோ இண்டைக்கு?”

“விட்டிட்டா,” என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் எப்போதும் மேசையைப் பார்ப்பார்.

ஏன் விட்டாய் என்று எல்லோரும் அடுத்ததாகக் கேட்பார்கள். வகுப்பில் எழும்பி நின்று பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், இரண்டு ஆண்டுகள் அப்படியே போனது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்ரி கேட்கவில்லை. “எனக்குக் கொஞ்சப் படம் கீற வேணும். கதைக்கத் தேவையில்லை. கதைக்கிற வேலையை நான் பாக்கிறன்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவருடைய வீட்டில் வேலை செய்தேன்.

அவருடைய வேலையில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கத்துக்குப் பெயர் ‘கண்டது’, வலப்பக்கத்துக்குப் பெயர் ‘நினைத்தது’. ஒரு பானை ஓட்டில் கறுப்பு இருந்தால், கறுப்பு என்பது இடப்பக்கம். சமைத்த கரி என்பது வலப்பக்கம். பல்கேரியாவில் அவரோடு கிண்டியவர்களும் இதே தமிழ்த் தலைப்புகளோடுதான் தாள் நிரப்பினார்களாம். தமிழ் எழுத்துத் தெரியாமலே அந்த இரண்டு சொற்களையும் பார்த்துக் கீறப் பழகிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார். யாராவது ஒன்றை மற்றப் பக்கத்தில் எழுதிவிட்டால் தாளையே கிழித்துப் போடுவார். “நினைக்கிறதில பிழையில்லை. ஆனா அது தன்ர கதிரையில இருக்க வேணும்” என்பார்.

வெளியுலகம் அவரை அறிந்தது ஒரு கட்டுரையால். அவர் அங்கே போகத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு, உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் ஒரு மேட்டைத் தோண்டியிருந்தார். பிறகு அந்த இடத்தை மட்டப்படுத்தி வீதி போட்டுவிட்டார்கள். அந்த ஆய்வாளருடைய குறிப்பேடும் தொலைந்துபோனது. அவர் இறந்தபின் மனைவி ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் புகைப்படங்களை அன்ரியிடம் கொடுத்தார். அன்ரி அந்தப் பெட்டியைச் சிட்னிக்குக் கொண்டுவந்து, படங்களை வைத்துக் கல்லறையின் திட்டப்படத்தைக் கீறினார். உள்ளே கிடந்தது ஓர் இளம்பெண். காதில் தோடு இருந்தது. அந்தப் பகுதியில் மற்றக் கல்லறைகளின் வாசல்கள் பெரும்பாலும் தெற்கையோ கிழக்கையோ பார்த்திருக்க, இவளுடையது மட்டும் வடக்கைப் பார்த்தது. வடக்கே டான்யூப் ஆறு. ஆற்றுக்கு அப்பாலிருந்து கல்யாணம் செய்து கொண்டுவரப்பட்டவள், பிறந்த இடத்தைப் பார்த்தபடி தன்னை வைக்கச் சொல்லியிருப்பாள் என்று அன்ரி எழுதினார்.

நம்மவர்களுக்கு அந்தக் கதை எவ்வளவு பிடித்துப்போனது என்று உங்களுக்கே தெரியும். பட்டிமன்றத்தில் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள், ஊரை நினைத்துப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பெண் வந்து படுத்தாள். அதை முதன்முதலில் கேட்டபோது நானும் அழுதேன். நான் பிறந்தது இங்கே, சிட்னியின் வெஸ்ட்மீட்டில். எனக்கு எந்த ஆற்றுக்கு அப்பாலும் ஒன்றும் இல்லை. இருந்தும் அழுதேன்.

அன்ரியின் புதிய புத்தகத்தில் அந்தப் படங்கள் முதல்முறையாக அச்சாக இருந்தன. பழைய கட்டுரையில் அவர் கீறிய திட்டப்படம் மட்டும்தான் வந்திருந்தது. நான் பெட்டியிலிருந்து ஒவ்வொரு படமாக எடுத்துக் கணினியில் ஏற்றினேன். ஒன்றில், வாசலுக்கு வெளியே சிவப்பு வெள்ளைப் பட்டி போட்ட அளவுகோல் ஒன்றை நட்டிருந்தார்கள். பக்கத்தில் வேலையாட்கள் பாணும் தக்காளியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் மத்தியானச் சாப்பாடு என்று அவர்களுடைய மொழியில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அன்ரியின் தமிழ் மொழிபெயர்ப்பு. அளவுகோலின் குட்டையான நிழல் வாசற்படியை நோக்கி விழுந்திருந்தது. அந்தப் படத்துக்குரிய பழைய தாளைத் தேடி எடுத்தேன். கண்டது என்ற பக்கத்தில் அன்ரியின் கையெழுத்தில் மூன்று வரி. மத்தியானம். வெயில் நேரே வாசலுக்குள். வாசல் வடக்கு.

சிட்னியில் நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். அதனால்தான் நாங்கள் பனல்களை வடக்குக் கூரையில் பூட்டுகிறோம். பல்கேரியாவில் அது தெற்கே நிற்கும். சில பனல் பெட்டிகளுக்குள் வரும் தாளில் தெற்கு நோக்கிப் பொருத்தவும் என்று இருக்கும். உலகத்தின் வடபாதிக்காக அச்சடித்தது அது. புதிய வேலையாள் யாராவது அதை வாசித்துவிட்டுத் தெற்கே பூட்டிவிடக்கூடாது என்று அப்பா அந்தச் சொல்லைக் கறுப்பு மையால் வெட்டி, மேலே வடக்கு என்று எழுதுவார். சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். மத்தியான வெயில் நேரே வாசலுக்குள் விழுந்தால் இங்கே அது வடக்கு வாசல். அங்கே அது தெற்கு வாசல்.

இரண்டு வாரம் நான் அதைச் சொல்லவில்லை. நாலு முறை வாயைத் திறந்தேன். கடைசியில், அப்பா வெட்டித் திருத்திய தாள் ஒன்றை அவருடைய வான் வண்டியிலிருந்து எடுத்துப்போய், அந்தப் படத்தின்மேல் வைத்து, அன்ரியின் முன்னால் தள்ளினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது உன்ர அப்பர் வெட்டினதோ?”

“ஓம்.”

“ஏன் வெட்டினவர்?”

“இங்க வெயில் மற்றப் பக்கம்.”

அன்ரி படத்தைப் பார்த்தார். தன் பழைய தாளைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனார். புல்லின் நடுவே அதைத் தலைகீழாக நட்டுப் பிடித்தபடி நின்றார். நேரம் பன்னிரண்டு. நிழல் தெற்கே, துணி காயும் கொடியின் பக்கம் விழுந்தது. நான் கதவில் நின்றேன். அவர் அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எத்தினை கோடை அங்க வடக்கைப் பாத்துக் குந்தியிருந்து கிண்டியிருக்கிறன்,” என்றார். “பின்கழுத்து கருகிப்போகும். ஆனா படம் கீறினது இங்க, இந்த மேசையில இருந்து. என்ர வளவு வெயிலைக் கொண்டுபோய் அவளின்ர வாசலில போட்டிருக்கிறன்.” பிறகு சிரித்தார். “ஊரில வெயில் தலைக்கு மேல. அங்க தெற்கால. இங்க வடக்கால. மூண்டு வெயிலுக்கையும் நிண்டால் தலை சுத்தாமல் என்ன செய்யும்?”

உள்ளே வந்து விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். “எப்ப கண்டனி?”

“ரெண்டு கிழமை.”

“ரெண்டு கிழமையோ? ஏன் சொல்லேல்லை? எனக்குப் பயமோ?”

“கதை போயிடும்,” என்றேன்.

“போனால் போகட்டும். வாசல் திரும்பேல்லை, பிள்ளை. அது பாத்த பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தது. நாங்கள்தான் திரும்பி நிண்டிருக்கிறம்.”

தேநீர் ஊற்றினார், குடிக்கவில்லை. அது ஆறிக் கிடக்க, கட்டுரை வெளிவந்த இதழுக்கு அப்போதே ஒரு பக்கத் திருத்தம் எழுதினார். வாசல் தெற்கு என்று ஒரு வரி. பெண் வடக்கிலிருந்து வந்தவள் என்பதற்கு இனி ஆதாரம் இல்லை என்று அடுத்த வரி. நினைத்ததைக் ‘கண்டது’ என்ற பக்கத்தில் எழுதியது தன் குற்றம் என்று இன்னொரு வரி. பிழையைக் கண்டவர் என்று என் பெயரைப் போட்டு, அதன் பக்கத்தில் ‘கூரை அளப்பவர்’ என்று எழுதினார். எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். “நீ பாத்தனிதானே? அப்ப இது இடப்பக்கம்” என்றார்.

அதே ஆண்டு மெல்பேர்ணில் தொல்லியலாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அன்ரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்பிரிங்வேலில் அவருடைய சிநேகிதியின் வீட்டில் தங்கினோம். காலையில் வியட்நாமியக் கடையில் முட்டை வைத்த பாண் வாங்கித் தந்து, “இண்டைக்கு என்னை எல்லாரும் பாத்துச் சிரிப்பினம். வயிறு நிறைஞ்சிருந்தால் நல்லது” என்றார். மேடையில் நின்று, நான் பிழைவிட்டேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். வளவையும் விளக்குமாற்றையும் சொன்னார். மண்டபமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார்.

“கடைசி வரிசையில் இருக்கிறார்,” என்றார் அன்ரி. “அவர் எழும்ப மாட்டார். நீங்கள் திரும்பிப் பாருங்கள்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பவில்லை. எழும்பாமல் இருந்தும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம்மவர்களிடம் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. ஒரு நூல் வெளியீட்டில் அங்கிள் ஒருவர் கோபத்தோடு வந்தார். “அப்ப அந்தப் பெட்டை ஆத்துக்கு அங்கால இருந்து வரேல்லையோ?”

“வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். வாசல் ஒண்டும் சொல்லாது.”

“நான் என்ர மகளின்ர கலியாணத்தில அவளை வைச்செல்லோ பேசினனான்.”

“மகள் சந்தோசமா இருக்கிறாவோ?”

“இருக்கிறா.”

“அப்ப என்ன கவலை? கலியாணத்தைத் திருத்தத் தேவையில்லை. பேச்சை மட்டும் திருத்துங்கோ.”

திரும்பி வரும்போது காரில், கவலையா என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். “கவலைதான்,” என்றார். “எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனா பிள்ளை, அந்த ஏக்கம் எங்கட. அதைத் தூக்கி அவளின்ர தலையில வைச்சிட்டம். இனியாவது அவள் அவளாக் கிடக்கட்டும்.”

திருத்தம் அச்சானபின் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். பட்டமளிப்புப் படங்கள் அலுமாரிக்குள் போயின.

இனி வாக்குவாதம். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மலர் அச்சடிக்கும் பொறுப்பை அன்ரியின் தம்பி நேசன் அங்கிள் எடுத்தார். முகப்பு எப்படி வரும் என்று எனக்கு அனுப்பினார். பழைய திட்டப்படம் பெரிதாக இருந்தது. அதன் கீழே, ‘வடக்கு வாசலின் மகளைக் கண்டெடுத்தவர்’ என்று இருந்தது. அதை நான் பலமுறை பார்த்தேன். அப்பாவிடம் காட்டினேன். “நீ கதைக்கிறியோ, நான் கதைக்கவோ?” என்று கேட்டார். நான் கதைக்கிறேன் என்றேன். அவர் வானை நேசன் அங்கிளின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார்.

“அங்கிள், வாசல் தெற்கு,” என்றேன்.

“தெரியும் பிள்ளை. ஆனா செத்த வீட்டில பிழை கதைக்கிறதில்லை. அக்காவின்ர பேர் அந்தக் கதையாலதான் நிக்குது. சனத்துக்கு அதுதான் பிடிக்கும்.”

“அன்ரிக்குப் பிடிக்கேல்லை.”

“நீ சின்னப்பிள்ளை. உனக்கு விளங்காது.”

தொண்டை அடைத்தது. அடைத்தபடியே பேசினேன். “அன்ரி வரவேற்பறையில மாட்டி வைச்சது எந்தப் பக்கம் அங்கிள்? வடக்கு வாசலோ, திருத்தமோ?”

அவர் முகப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சுவரை அவரும்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்திருக்கிறார்.

“அதை நான் எப்பிடி எழுதிறது?” என்றார். “எனக்கு எழுத வராது. நீ எழுதுவியோ?”

“எழுதுறன்.”

அதனால்தான் இந்தப் பக்கம். முகப்பில் இப்போது இருப்பது நான் புதிதாகக் கீறிய திட்டப்படம். வாசல் தெற்கைப் பார்க்கிறது. அதன் கீழே அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது.

வீட்டை ஒழுங்குபடுத்தும்போது எனக்கு என்ன வேண்டும் என்று நேசன் அங்கிள் கேட்டார். புத்தகங்களைக் காட்டினார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றைக் கேட்டேன். அன்றைய நாளுக்குப் பிறகு அன்ரி அதன் வெள்ளைப் பிடியில் அப்பாவின் வானிலிருந்த சிவப்பு ஒட்டுநாடாவைப் பட்டி பட்டியாக ஒட்டி, அளவுகோல் மாதிரி ஆக்கி வைத்திருந்தார். நேசன் அங்கிள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எடுத்துத் தந்தார்.

அதோடு நடுவில் கோடு போட்ட வெறுந்தாள்களும் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன. நேற்று ஒன்றை எடுத்தேன். அன்ரி என்னை மகள்போல நினைத்தார் என்று எழுதத் தோன்றியது. அது வலப்பக்கம், அதனால் அங்கே எழுதினேன். பிறகு எங்கள் வளவுக்குப் போய் விளக்குமாற்றை நட்டுப் பிடித்தேன். நண்பகல். நிழல் தெற்கே விழுந்தது. உள்ளே வந்து அதை இடப்பக்கத்தில் எழுதினேன்.